சூட்டுக்கைக்காரி

டீச்சர், உங்க ஃப்ரிட்ஜோட பின்பக்கத்தை என்னைக்காவது தொட்டுப் பார்த்திருக்கீங்களா?

யாரும் பார்க்கிறதில்ல. கதவைத் திறந்து உள்ள குளிருதான்னு பார்ப்பாங்க, மூடிருவாங்க. நான் எந்த வீட்டுக்கு வேலைக்குப் போனாலும் முதல்ல பின்பக்கம்தான் போவேன். அங்க கொதிச்சாத்தான் உள்ள குளிரும். அங்க சில்லுன்னு இருந்தா உள்ள செத்துப்போச்சுன்னு அர்த்தம். உங்களுது அப்படித்தான் கிடந்துச்சு. குழாய்ல ஊசிமுனை அளவு ஓட்டை, அது வழியா கேஸ் பூராவும் போயிருச்சு. பத்த வச்சு அடைச்சுட்டேன்.

இந்த பம்ப் ஓடி முடிய இன்னும் முக்கால் மணி நேரம் ஆகும். குழாய்க்குள்ள இருக்கிற காத்து, ஈரம் எல்லாத்தையும் உறிஞ்சி வெளியே எடுத்துட்டுத்தான் புது கேஸ் ஏத்தணும். அவசரப்பட்டா ஒரு சொட்டு ஈரம் உள்ள நின்னு உறைஞ்சு வழியை அடைச்சுக்கும், மறுபடியும் என்னையே கூப்பிடுவீங்க. அதனால உக்காருங்க. எனக்கும் பேச ஒரு ஆள் ஆச்சு.

சாமானையெல்லாம் வெளியே எடுத்து வச்சப்பவே கேக்கணும்னு நினைச்சேன். அந்த நீல மூடி டப்பா செண்பகம் அக்கா வீட்டு மாவுதானே? திறந்து பார்த்துட்டேன், தப்பா நினைக்காதீங்க. புளிப்பு மூக்குல ஏறுச்சு. ஃப்ரிட்ஜ் நின்னுபோனதால கெட்டுப்போச்சுன்னு நினைச்சிருப்பீங்க. இல்ல டீச்சர். அது வாங்குறப்பவே அப்படித்தான் இருந்திருக்கும். இப்ப பத்து நாளா அவ வீட்டு மாவு அப்படித்தான் இருக்கு.

எனக்கு எப்படித் தெரியும்னா, செண்பகம் அக்கா எனக்கு ஓரகத்தி. என் வீட்டுக்காரரோட அண்ணன் சம்சாரம். என் பேரு வேல்மதி. ஆனா எங்க ஊர்ல போய் வேல்மதி வீடு எதுன்னு கேட்டா யோசிப்பாங்க. சூட்டுக்கைக்காரி வீடு எதுன்னு கேட்டா சின்னப்பிள்ளைகூடக் காட்டும்.

சிரிச்சுக்கிட்டே சொல்றேன்னு பார்க்காதீங்க. எனக்கு மூஞ்சி அப்படி. அழுதாலும் சிரிக்கிற மாதிரிதான் இருக்கும்னு எங்க அம்மா சொல்லும்.

நான் கல்யாணமாகி வந்தப்போ ஒரே வீடு, ஒரே அடுப்பு. செண்பகம் அக்கா அப்பவே இட்லி மாவு ஆட்டி வித்துக்கிட்டு இருந்தா. ஆட்டுறது கிரைண்டர்தான். ஆனா உப்புப் போட்டுக் கரைக்கிறது கை. கரண்டியால கரைச்ச மாவு பொங்காதுங்கிறது எங்க பக்கத்துல எல்லாருக்கும் தெரியும். அதுலயும் எல்லார் கையும் ஒண்ணு இல்ல. சிலர் கை வச்சா மாவு பானையை விட்டு வெளியே வரும், சிலர் கை வச்சா களிமண்ணு மாதிரி கிடக்கும். நான் வந்த முதல் வாரம் கரைச்ச மாவு மூடியைத் தள்ளிக்கிட்டு வந்துச்சு. எங்க அத்தை, அதான் மாமியார், பக்கத்து வீட்டு ஆளுகளைக் கூப்பிட்டுக் காட்டுனாங்க. அன்னையிலேர்ந்து கரைக்கிற வேலை என்னுது. செண்பகம் அக்கா டப்பா கழுவப் போனா.

அவளுக்கு அது வருத்தமா இருந்திருக்குமோ என்னமோ. எனக்கு அப்ப அதெல்லாம் தோணல. என் கை பொங்குது, நான் கரைக்கிறேன். இதுல வருத்தப்பட என்ன இருக்கு?

அப்புறம் என் மக பிறந்தா. தருணிகான்னு பேரு, இப்ப அஞ்சு வயசு, விட்டா அவளே உங்க ஃப்ரிட்ஜைக் கழட்டிருவா. அஞ்சாவது மாசம் அவளைத் தூக்கிக்கிட்டு அம்மா வீட்டுலேர்ந்து திரும்பி வந்தேன். ஐப்பசி. அந்த வருசம் மழைன்னா மழை. எங்க கரிசக்காட்டுல பதினெட்டு நாள் வெயிலே இல்ல. தெருவுல கால் வச்சா முழங்கால் வரைக்கும் மண்ணு வரும். பிள்ளை ஒரு நாளைக்குப் பதினஞ்சு துணி நனைக்கும். கொடியில போட்டா மூணு நாளானாலும் சொதசொதன்னு கிடக்கும், வாடை அடிக்கும். அந்த ஈரத்துணியைக் கட்டிக் கட்டிப் பிள்ளைக்குத் தொடை இடுக்கெல்லாம் புண்ணாப் போச்சு.

ஒரு நாள் பிள்ளையோட கிலுகிலுப்பை உருண்டு ஃப்ரிட்ஜுக்குப் பின்னாடி போச்சு. எடுக்கக் குனிஞ்சப்போ கையில வெதுவெதுன்னு பட்டுச்சு. பழைய ஃப்ரிட்ஜ் டீச்சர், உங்களுது மாதிரியே, பின்னாடி கறுப்பா கம்பி வலை மாதிரி வெளியே தெரியும். அடடா, இது தெரியாமப் போச்சேன்னு ஒரு துணியைப் பிழிஞ்சு அதுல போட்டேன். ஒரு மணி நேரத்துல அப்பளம் மாதிரி காஞ்சிருச்சு. அப்புறம் விடுவேனா? மேல இருந்து கீழ வரைக்கும் வரிசையாப் போட்டேன். பத்துத் துணி, பன்னெண்டு துணி. ஒண்ணு காஞ்சா இன்னொண்ணு. என் புத்தியை நானே மெச்சிக்கிட்டேன். பிள்ளைக்குப் புண்ணு ஆறிருச்சு.

செண்பகம் அக்கா பார்த்துட்டு, மாவு வைக்கிற பெட்டியில மூத்திரத் துணியைப் போடாத மதி, எடுத்துருன்னா. பின்பக்கம்தானே போட்டேன், உள்ளயா போட்டேன்? என் பிள்ளைத் துணி இவளுக்கு அசிங்கமாத் தெரியுதுன்னு நினைச்சேன். அவ பிள்ளைக ரெண்டும் வளர்ந்துருச்சு, அதான். அவ பார்க்கிறப்போ எடுப்பேன், அந்தப் பக்கம் போனதும் போடுவேன். மறுநாளும் சொன்னா. மறுநாள் ரெண்டு துணி கூடவே போட்டேன்.

இந்த நேரத்துல மாவு புளிக்க ஆரம்பிச்சுச்சு.

மழையில, குளிர்ல, மாவு பொங்குறதே சிரமம். எங்க வீட்டு மாவு ஃப்ரிட்ஜுக்குள்ள இருந்துக்கிட்டே புளிச்சுச்சு. சாயங்காலம் டப்பாவுல ஊத்தி உள்ள வச்சா, காலையில மூடி உப்பி நிக்குது. வாங்கினவங்க திருப்பிக் கொண்டாந்தாங்க. அரிசியை மாத்தினோம், உளுந்தை மாத்தினோம், தண்ணியை மாத்தினோம். நாலாவது நாள் செண்பகம் அக்கா டப்பா கழுவிக்கிட்டே நிமிர்ந்து பார்க்காமச் சொன்னா.

"அத்தை, இது மதி கைச்சூடு. பிள்ளை பெத்த உடம்பு, இன்னும் சூடு இறங்கல."

அவ்வளவுதான். அத்தை என் ரெண்டு கையையும் பிடிச்சு உள்ளங்கையைக் கன்னத்துல வச்சுப் பார்த்துட்டு, ஆமா, கொதிக்குதுன்னுட்டாங்க. பிழிஞ்ச துணியைச் சூடான கம்பியில போட்டுட்டு வந்த கை கொதிக்காம என்ன செய்யும்? அதை நான் சொல்லல. சொல்லத் தோணல.

சூடு இறங்கணும்னு மருதாணி அரைச்சாங்க. மூணு நாள், தினமும் சாயங்காலம், ரெண்டு உள்ளங்கையிலயும் அப்பி என்னைச் சுவரோரமா உக்கார வச்சாங்க. கையை விரிச்சு வச்சுக்கிட்டு ஆடாம அசையாம இருக்கணும். சரியா அந்த நேரத்துல பிள்ளை பசிக்கு வீறிடும். எனக்கு நெஞ்சு நனைஞ்சு ஒழுகுது, கையால தூக்க முடியாது. செண்பகம் அக்காதான் பிள்ளையைத் தூக்கிட்டு வந்து, என் முந்தானையை விலக்கி, வாயில வச்சுப் பிடிச்சுக்கிட்டா. கை காயுற வரைக்கும், ஒரு மணி நேரம் இருக்கும், குனிஞ்சுக்கிட்டே பிடிச்சிருந்தா. மூணு நாளும் அவதான். எந்திரிக்கிறப்போ இடுப்பைப் பிடிச்சுக்கிட்டு எந்திரிப்பா. என் பிள்ளைக்குப் பால் கொடுக்க நான் இன்னொருத்தி கையை நம்பி உக்காந்திருக்கணும். அந்த அவமானத்தை நான் மறப்பேனா டீச்சர்? செத்தாலும் மறக்க மாட்டேன்.

நாலாவது நாள் மாவுல கை வைக்க வேண்டாம்னுட்டாங்க. செண்பகம் அக்கா கரைச்சா. அன்னைக்குத்தான் மழையும் விட்டுச்சு. வெயில் வந்துருச்சு, துணியைக் கொண்டுபோய் மாடியில போட்டேன். மாவு சரியாயிருச்சு. பார்த்தியா, மதி கையை எடுத்ததும் சரியாயிருச்சுன்னு ஊரே சொல்லிருச்சு.

அதுக்கப்புறம் நான் எதைத் தொட்டாலும் பேச்சு. தயிருக்கு உறை ஊத்தக் கூப்பிட மாட்டாங்க. பொங்கலுக்குப் பக்கத்து வீட்டுல உக்காந்து பூக்கட்டிக்கிட்டு இருந்தேன். ஒருத்தி நயமா என் கையிலேர்ந்து நூலை வாங்கிக்கிட்டா. நீ கட்டினா வாடிரும்மா, கோவிச்சுக்காதன்னா. எல்லாரும் சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன். வீட்டுக்கு வந்து கையைத் தண்ணிக்குள்ள விட்டுக்கிட்டு உக்காந்திருந்தேன். நிசமாவே என் கையில என்னமோ இருக்குன்னு நானே நம்பிட்டேன். பிள்ளை நெத்தியைத் தொடக்கூட யோசிப்பேன். காய்ச்சல் வந்தா என் கையாலதான்னு தோணும்.

பம்ப் சத்தம் மாறுது பாருங்க. அழுத்தம் காட்டுற இந்த முள்ளு கீழ இறங்குது. நல்லது.

ரெண்டு வருசம் கழிச்சு டவுன்ல பொம்பளைகளுக்கு இலவசப் பயிற்சின்னு சொன்னாங்க. ஆறு மாசம். தையல் இருந்துச்சு, பியூட்டி பார்லர் இருந்துச்சு, கடைசியா ஃப்ரிட்ஜ் ஏசி மெக்கானிக். எல்லாரும் தையலுக்குப் போனாங்க. தையல் படிச்சா செண்பகம் அக்கா ரவிக்கையைக் கொண்டாந்து தச்சுக் கொடுன்னு நிப்பா, அவ முதுகுக்கு நான் டேப் பிடிக்கணுமான்னு ஃப்ரிட்ஜுக்குப் பேர் கொடுத்துட்டேன். வேற காரணம் ஒண்ணும் இல்ல.

எங்களுக்கு எப்சிபான்னு ஒரு மேடம். என் வயசுதான் இருக்கும். முதல் நாளே கேட்டாங்க, குளிரை யாராவது பார்த்திருக்கீங்களான்னு. குளிர்னு ஒண்ணு உலகத்துல கிடையாதாம் டீச்சர். சூடு இருக்கு, சூடு இல்ல, அவ்வளவுதான். ஃப்ரிட்ஜ் குளிரைச் செய்யிற பெட்டி இல்ல. உள்ள இருக்கிற சூட்டை வாரி எடுத்துட்டு வந்து பின்பக்கம் கொட்டுற பெட்டி. வீட்டுக்குள்ள புகுந்த மழைத்தண்ணியைச் சட்டியில மோந்து மோந்து வெளியே ஊத்துவோம்ல, அது மாதிரி.

எப்படி வாருதுன்னு கேளுங்க. நீங்க தமிழ் டீச்சர், கேக்க மாட்டீங்க, நானே சொல்றேன். குக்கர்ல விசில் வரைக்கும் ஆவியை அடைச்சு வைக்கிறோம். அழுத்தம் ஏறுது. அழுத்தம் ஏறினா தண்ணி நூறு டிகிரியைத் தாண்டிப் போய்த்தான் கொதிக்கும், அதான் பருப்பு சீக்கிரம் வேகுது. இதைத் திருப்பிப் போடுங்க. அழுத்தத்தைக் குறைச்சா கொஞ்ச சூட்டுலயே கொதிக்கும். கல்யாண வீட்டுல பெரிய அடுப்பு எரியிறப்போ சிலிண்டர் அடியில வெள்ளையாப் பனி பூக்கும் பார்த்திருக்கீங்களா? சமையக்காரர் ஈரச்சாக்கைச் சுத்தி வைப்பாரு. உள்ள இருக்கிற கேஸ் தண்ணியா இருந்து ஆவியாகுறப்போ சூடு வேணும், பக்கத்துல இருக்கிறதைப் பிடுங்கிக்கும், சிலிண்டர் விறைச்சுப் போகும். ஃப்ரிட்ஜுக்குள்ளயும் அதேதான். உள்ள அழுத்தத்தைத் தளர்த்தி விட்டா கேஸ் கொதிக்குது, கொதிக்க வேண்டிய சூட்டை உங்க பால்லேர்ந்தும் மாவுலேர்ந்தும் எடுத்துக்குது. பின்னாடி கம்ப்ரசர் அதைப் பிடிச்சு நெருக்குது. சைக்கிளுக்குக் காத்து அடிச்சா பம்ப் அடியில சுடும்ல, அப்படிச் சுட்டுப்போய் அந்தக் கறுப்புக் கம்பிக்குள்ள ஓடுது. அங்க சூட்டை வெளிக்காத்துக்குக் கொடுத்துட்டு மறுபடியும் தண்ணியாகி உள்ள போகுது. கொடுக்கணும். கொடுக்க வழி வேணும். இல்லாட்டி எல்லாம் நின்னுபோகும்.

ரெண்டாவது வாரம் மேடம் ஒரு டம்ளர் கொதிக்கிற தண்ணியும் ஒரு பெரிய வாளி வெதுவெதுப்பான தண்ணியும் வச்சாங்க. எதுல சூடு அதிகம்னு கேட்டாங்க. எல்லாரும் டம்ளரைக் காட்டுனோம். ரெண்டுலயும் ஐஸ் போட்டுக்கிட்டே வந்தாங்க. டம்ளர் நாலு கட்டியோட ஓய்ஞ்சுபோச்சு. வாளி கிலோக்கணக்குல ஐஸைக் கரைச்சுட்டும் நின்னுச்சு. எவ்வளவு சுடுதுங்கிறது டெம்பரேச்சர். மொத்தமா எவ்வளவு சூடு இருக்குங்கிறது ஹீட். ரெண்டும் வேற. சுடுற பொருள்ல சூடு கொஞ்சமாவும் இருக்கலாம்.

நான் எந்திரிச்சுக் கேட்டேன். மேடம், இருபது லிட்டர் மாவுக்குள்ள ஒரு ஆள் கை அஞ்சு நிமிசம் கிடந்தா மாவு சூடாயிருமா? எல்லாரும் சிரிச்சாங்க. மேடம் சிரிக்கல. போர்டுல எழுதிக் காட்டுனாங்க. அரை டிகிரிகூட ஏறாது வேல்மதின்னாங்க. எந்தக் கையா இருந்தாலும்.

எந்தக் கையா இருந்தாலும். பாத்ரூம் போறேன்னு வெளியே போயிட்டேன்.

மறுநாள் ஓடுற ஃப்ரிட்ஜோட பின்பக்கம் ஒரு சாக்கைப் போட்டு மூடினாங்க. ஒரு மணி நேரம். கேஜ்ல முள்ளு ஏறுது, ஏறுது, அழுத்தம் தாங்காம கம்ப்ரசர் முனகுது. உள்ள வச்ச தண்ணியோட சூடு குறையாம மேல ஏறுது. சூடு போக வழி இல்லன்னா எவ்வளவு நெருக்கினாலும் பிரயோசனம் இல்லன்னாங்க மேடம். நான் சாக்கையே பார்த்துக்கிட்டு இருந்தேன். சாக்கு எனக்குச் சாக்காத் தெரியல. பதினஞ்சு பிள்ளைத் துணியாத் தெரிஞ்சுச்சு.

புரிஞ்சுருச்சுல்ல உங்களுக்கு? துணியைப் போட்டது நான்தான், இல்லைங்கல. ஆனா அது தெரியாமச் செஞ்சது. என் கை சூடுன்னு அவ சொன்னது இருக்கே, அது அப்படியா? வேணும்னே சொன்னது. அவ எடுக்கச் சொன்னாளேன்னு நினைக்கிறீங்க. சொன்னா, சரி. காரணத்தைச் சொன்னாளா? மூத்திரத் துணின்னுதானே சொன்னா. அழுத்தம் ஏறும்னு சொல்லியிருந்தா எடுத்திருக்க மாட்டேனா?

வீட்டுல போய் இதைச் சொல்லி என் பேரைக் கழுவியிருக்கலாம்தான். ஆனா துணிக் கதையையும் சேர்த்துச் சொல்லணும். நான் அன்னைக்கே சொன்னேனேன்னு அவ நெஞ்சை நிமிர்த்துவா. அதுக்கு நான் சூட்டுக்கைக்காரியாவே இருந்துட்டுப் போறேன்னு வாயை மூடிக்கிட்டேன். பொறுத்திரு மதி, சமயம் வரும்னு சொல்லிக்கிட்டேன்.

வந்துச்சு.

நாங்க தனியாப் போயிட்டோம். அவங்க மெயின் ரோட்டோரமா வீடு கட்டுனாங்க. அத்தை அவங்களோட. மாவுக்குன்னே ஆள் உயரத்துக்குப் புது ஃப்ரிட்ஜ் வாங்கி, அது அளவுக்கே சுவருல குடைஞ்சு, மூணு பக்கமும் டைல்ஸ் ஒட்டி, சொருகி வச்சிருந்தாங்க. விரல் நுழைய இடம் இல்ல. சாமி மாடம் மாதிரி மேல சந்தனம், குங்குமம். புது ஃப்ரிட்ஜ்ல கம்பி வலை வெளியே தெரியாது டீச்சர், ரெண்டு பக்கத் தகட்டுக்கு உள்ளயே குழாய் ஓடும், பக்கவாட்டுலதான் சூட்டைக் கொட்டும். பால் காய்ச்சின அன்னைக்கு எல்லாரும் அதைச் சுத்தி நின்னு பார்த்தாங்க. செண்பகம் அக்கா என் முகத்தையே பார்த்தா. நீ படிச்சவளாச்சே, எப்படி இருக்குன்னு கேட்டா.

"ரொம்ப அழகா இருக்குக்கா. அப்படியே வச்சிருங்க."

ஒரே ஒரு வாக்கியம்தான் நான் சொல்லாம விட்டது. இதை வெளியே இழுத்து, ரெண்டு பக்கமும் ஒரு சாண் இடம் விடுங்கன்னு. அதைச் சொல்லல. மார்கழி, தை, மாசி போச்சு. வெளிக்காத்தே குளிர்ச்சியா இருந்தா எப்படியோ சமாளிச்சுக்கும். நான் பங்குனியை எதிர்பார்த்துக்கிட்டு இருந்தேன். எல்லாரும் வெயிலைத் திட்டுவாங்க. இந்த வருசம் வெயில் ஏற ஏற நான் காலண்டரைப் பார்த்துச் சிரிச்சுக்கிட்டு இருந்தேன்.

பங்குனி பிறந்து பத்தாம் நாள் மாவு புளிச்சுச்சு.

தினமும் ஏதாவது சாக்கு வச்சு அந்தப் பக்கம் போவேன். சுண்டைக்காய் கொடுக்க, தருணிகா ஆச்சியைப் பார்க்கணும்னு அழறான்னு சொல்ல. ஒரு மெக்கானிக்கைக் கூப்பிட்டாங்க, என்னை இல்ல. அவன் வந்து கேஸ் கம்மின்னு ஏத்திட்டுப் போனான். ஏற்கனவே சூட்டைக் கொட்ட இடம் இல்லாம திணறுது, அதுல இன்னும் கேஸை ஏத்தினா அழுத்தம் இன்னும் ஏறும். மாவு இன்னும் புளிச்சுச்சு. ஒரு நாள் போனப்போ அத்தை அவளைப் பார்த்து, என்ன செண்பகம், உனக்குமான்னு கேட்டாங்க. மாசக்குளிப்பு நிக்கிற வயசு, உடம்புல சூடு ஏறும்னு பக்கத்து வீட்டுக்காரி எடுத்துக் கொடுத்தா. நான் தலையைக் குனிஞ்சுக்கிட்டேன். சிரிப்பை மறைக்கணுமே. அதுக்கு மறுநாள் போனா, அவ சுவரோரமா ரெண்டு கையையும் விரிச்சு வச்சுக்கிட்டு உக்காந்திருக்கா. மருதாணி. மூக்குல ஈ வந்து உக்காருது, ஓட்ட முடியல. நான் ஓட்டிவிடல. பார்த்துக்கிட்டே நின்னேன். அன்னைக்கு ராத்திரி எனக்கு வந்த தூக்கம் அஞ்சு வருசத்துல வந்ததில்ல.

பொண்ணுங்க ஹாஸ்டல் ஒண்ணுக்கு அவதான் மாவு கொடுக்கிறா. தினமும் மூணு பெரிய டப்பா. அந்த ஹாஸ்டல் இல்லன்னா அவ வியாபாரமே இல்ல, மத்தது எல்லாம் சில்லறை. வார்டன் அம்மா வந்து, திங்கக்கிழமையும் மாவு இப்படி இருந்தா டவுன் பாக்கெட் மாவுக்கு மாறிருவோம்னு சொல்லிட்டுப் போயிட்டாங்க. வர்ற திங்கக்கிழமை. நாளை மறுநாள்.

முந்தாநாள் அத்தை எனக்கு போன் பண்ணாங்க. உன் பையைத் தூக்கிக்கிட்டு வான்னு. அந்த நடை இருக்கே டீச்சர், பஸ் ஸ்டாப்லேர்ந்து அந்த வீடு வரைக்கும், என் கல்யாணத்துக்குக்கூட நான் அப்படி நடக்கல. ஃப்ரிட்ஜைப் பார்க்கச் சொல்லுவாங்க, நான் பார்ப்பேன், பார்த்துட்டு ஃப்ரிட்ஜ் நல்லாத்தான் இருக்குன்னு சொல்லுவேன்னு முடிவு பண்ணிக்கிட்டுப் போனேன்.

ஃப்ரிட்ஜைப் பத்தி யாரும் பேச்சே எடுக்கல. அவங்களைப் பொறுத்தவரைக்கும் அது புதுசு, அதுல என்ன கோளாறு வரும்? செண்பகம் அக்கா நாற்காலியில உக்காந்திருந்தா. பக்கத்துல அத்தை, அவ வீட்டுக்காரரு, அதான் எங்க மூத்தார். அவ கையை நீட்டுனா. உள்ளங்கை ரெண்டும் மருதாணியில கறுத்துப் போயிருந்துச்சு.

"மதி, சூடு அளக்குற கருவி வச்சிருக்கியாமே. என் கையை அளந்து சொல்லு. எல்லாருக்கும் முன்னால சொல்லிரு."

பையில வச்சிருந்தேன். துப்பாக்கி மாதிரி இருக்கும், அழுத்தினா சிவப்பா ஒரு புள்ளி விழும், நம்பர் காட்டும். அவ உள்ளங்கையில வச்சு அழுத்தினேன். முப்பத்திரண்டுன்னு காட்டுச்சு. எல்லார் கையும் அவ்வளவுதான் இருக்கும். அத்தை எட்டிப் பார்த்துட்டு, கூடுதலான்னு கேட்டாங்க. மூத்தார் என் வாயைப் பார்க்கிறாரு. அந்த வீட்டுல முதல் தடவையா எல்லாரும் என் வாயைப் பார்க்கிறாங்க.

"கொஞ்சம் கூடுதல்தான் அத்தை."

நம்பரை நான் மாத்திச் சொல்லல. நம்பரைச் சொல்லவே இல்ல.

அவ கையை மடக்கி முந்தானைக்குள்ள வச்சுக்கிட்டா. அத்தை எந்திரிச்சுப் போயிட்டாங்க. மூத்தார் வாசலுக்குப் போயிட்டாரு. நான் பையை மூடிக்கிட்டு இருந்தேன். அவ என்னைப் பார்த்து மெதுவாக் கேட்டா, உனக்கு அப்போ இப்படித்தான் இருந்துச்சா மதின்னு.

பார்த்தீங்களா? அப்பவும் ஒரு மன்னிப்பு கேக்கணும்னு தோணல பாருங்க அவளுக்கு.

நான் பையைத் தூக்கிக்கிட்டேன். வந்துட்டேன். பஸ் ஸ்டாப்ல நிக்கிறப்போ சும்மா என் கையில வச்சு அழுத்திப் பார்த்தேன். முப்பத்தி மூணரை காட்டுச்சு. வெயில்ல நின்னேன்ல, அதான்.

இருங்க, பம்பை நிறுத்துறேன். முள்ளு அப்படியே நிக்குது பாருங்க, அசையல. ஓட்டை எங்கயும் இல்லன்னு அர்த்தம். இப்ப கேஸை எடை போட்டு ஏத்துவேன். கூடவும் கூடாது, குறையவும் கூடாது. ஏத்தி முடிச்சதும் இதைச் சுவருல ஒட்டி வைக்காதீங்க டீச்சர், நல்லா ஒரு சாண் முன்னால இழுத்து வைங்க. மேல இந்தத் துணியெல்லாம் விரிக்காதீங்க. பின்னாடி காத்து போகணும். காத்து போனா பத்து வருசத்துக்கு என்னைக் கூப்பிட மாட்டீங்க.

என்ன டீச்சர், எந்திரிச்சுட்டீங்க? காப்பி எல்லாம் வேண்டாம்.

போனை எதுக்கு எடுக்கிறீங்க? மாவுக்குச் சொல்ல அவ நம்பர் வச்சிருப்பீங்க, தெரியும். இன்னைக்கு சனிக்கிழமை. இன்னைக்கே சொல்லிட்டா மூத்தார் ஆளைக் கூப்பிட்டு ஃப்ரிட்ஜை வெளியே இழுத்து வச்சிருவாரு. கூடுதலா ஏத்தின கேஸை அந்த மெக்கானிக் எடுத்துருவான். நாளைக்குக் கரைக்கிற மாவு நல்லா இருக்கும். திங்கக்கிழமை வார்டன் அம்மா மூடியைத் திறந்து பார்த்துட்டுச் சரின்னு போயிருவாங்க. அத்தை சூடு இறங்கிருச்சுன்னு சொல்லுவாங்க. அப்புறம் என்ன இருக்கு? அவளுக்கு எல்லாம் பத்து நாள்ல முடிஞ்சுருச்சு. எனக்கு அஞ்சு வருசம்.

சொல்ல வேண்டாம்னு நான் சொல்லல. நீங்க பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுக்கிறவங்க, உங்களால சொல்லாம இருக்க முடியாது. நானும் கெட்டவ இல்ல. சொல்லுங்க. நான் சொன்னேன்னே சொல்லுங்க, துணி போட்ட கதையையும் சேர்த்துச் சொல்லுங்க. ஆனா அந்த போனை இப்பக் கீழ வைங்க டீச்சர். செவ்வாய்க்கிழமை சொல்லுங்க.